தும்மலும் நாலு விரலும்

ஆறுச்சாமி என் அக்கா ராசாத்தாளின் வீட்டுக்காரர். வெள்ளகோவில் வட்டாரத்தில் மாட்டுத் தரகு. அவர் வாயால் விலை சொல்லி நான் கேட்டதே இல்லை. வாங்குகிறவர் கையைப் பிடித்து, மேலே ஒரு துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடிப்பார். ஒரு விரல் என்றால் ஓராயிரம். துண்டை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் மாற்றிப் பேசுகிறவனைச் சந்தைக்குள் யாரும் மதிக்க மாட்டார்கள்.

இந்த மனிதருக்குப் புல்லே ஆகாது என்றால் சிரிப்பு வருமா, வராதா? ஐப்பசி மழை நின்று மேய்ச்சல் காட்டில் கொழுக்கட்டைப் புல் பூ எடுத்ததும் தும்மல் பிடித்துக்கொள்ளும். கண் அரிக்கும், மூக்கு ஒழுகும். எங்கள் சந்தையிலோ, விலை படிகிற நேரம் யாராவது தும்மினால் இரண்டு பேரும் கையை உருவிக்கொள்வார்கள். சகுனம் சரியில்லையாம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் என்னைக் கேட்டா மச்சானுக்கு வியாபாரம் வருகிறது?

தொண்ணூற்றாறில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தும்மலுக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை. மூக்கு ஒழுகுவதற்கு, அக்கா வாங்கி வைத்திருந்த சளி டானிக்கில் ஒரு மூடி. தும்மல் வேறு, சளி வேறு என்பது அவர் கணக்கு. சந்தை நாளில் பத்திரத்துக்கு இன்னொரு மாத்திரை. தும்மல் நின்றுபோனது. மனிதருக்கு ஒரே குஷி.

அந்தக் கார்த்திகையில் காளியாத்தாள் ஒரு காளையைக் கொண்டுவந்தார். வீட்டுக்காரரை இழந்தவர். மகளை நர்ஸ் படிப்பில் சேர்க்கத்தான் விற்கிறார். “நாலுக்குக் கொறைய வேண்டாமுங்க” என்று மச்சானிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். வாங்க வந்தவர் அவிநாசி மருதாசலம். துண்டைப் போட்டார்கள். மச்சான் நாலு விரலைப் பிடித்தார். மருதாசலம் யோசித்தார், வெகுநேரம் யோசித்தார். மச்சான் கண்ணை மூடியிருந்ததைப் பார்த்து, பெரிய தரகர் அல்லவா, மனசுக்குள் ஏதோ கணக்குப் போடுகிறார் என்று நான் நினைத்தேன். அவர் நின்றபடியே தூங்கியிருக்கிறார். பிடி தளர்ந்து ஒரு விரல் நழுவிவிட்டது.

“சரிங்க, மூணு” என்று மருதாசலம் துண்டை எடுத்தார்.

காளியாத்தாள் சண்டை போடவில்லை. காளையின் நெற்றியைத் தடவிவிட்டு, “உங்க கையை நம்பித்தானுங்க கயித்தைக் குடுத்தேன்” என்றார். குறைந்ததை மச்சான் தன் கையிலிருந்து கொடுத்துவிட்டார். அந்த வார்த்தைதான் அவரை விடவில்லை. வீட்டில் உட்கார்ந்து விரலை மடக்குவார், நீட்டுவார். பக்கவாதம் வரப்போகிறது என்று பயம். கை போனால் தரகும் போச்சு. அவரைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நான்தான் டாக்டர் உம்மல் குல்சுமிடம் கூட்டிப்போனேன். கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரர், எங்கள் ஊரில் கிளினிக் வைத்திருந்தார். கையைச் சோதித்தார், கையில் ஒரு குறையும் இல்லை. பிறகு, சாப்பிடுகிற மருந்து எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். மாத்திரை அட்டையையும் டானிக் பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

“ரெண்டுலயும் இருக்கறது ஒரே மருந்துங்க. மேல இருக்கற பேருதான் வேற. அளவுக்கு மீறிப் போட்டுட்டு இருந்திருக்கீங்க.”

மச்சானுக்குப் பயம் போய் ஆர்வம் வந்துவிட்டது. “ஏனுங்க டாக்டரம்மா, மூக்குக்குப் போட்டது வெரலை எப்படிங்க புடிச்சுது?”

“மூக்குக்குன்னு நாமதான் நெனைக்கறோம். அது ரத்தத்துல கலந்து மூளைக்கும் போகுதுங்க. அங்க போயி தூக்கத்தைக் கொண்டுவந்துருது.”

“மூக்கோட நின்னுக்கன்னு அதுக்குச் சொல்ல முடியாதுங்களா?”

டாக்டர் சிரித்துவிட்டார். “மூளைக்குக் கம்மியாப் போற மாத்திரை இப்ப வந்திருக்குதுங்க.” பிரஷர் உண்டா, கிட்னியில் கோளாறு உண்டா, வேறு மருந்து உண்டா என்று கேட்டுக்கொண்டுதான் எழுதினார். “ராத்திரி ஒண்ணு. தும்மல் நிக்கலைன்னாலும் இன்னொண்ணு போடக்கூடாது, என்கிட்ட வாங்க. சிலருக்கு இதுலயும் தூக்கம் வரும். அதனால மொதல்ல சந்தையில்லாத நாள்ல போட்டுப் பாருங்க. உடம்பு எப்படி இருக்குதுன்னு தெரியற வரைக்கும் மொபெட் ஓட்ட வேண்டாம். அந்த டானிக் வேண்டாம், சாராயம் வேண்டவே வேண்டாம்.”

மச்சான் அப்படியே செய்தார். வெறும் நாளில் போட்டுவிட்டு, மறுநாள் முழுக்க என் கையைத் துண்டுக்குள் பிடித்துப் பழகினார். விரல் நழுவவில்லை. எனக்குத்தான் கை வலித்தது.

அடுத்த வருஷம் புல் பூத்த சமயம் காளியாத்தாள் ஒரு கிடாரிக் கன்றோடு சந்தைக்கு வந்தார். நேராக மச்சானிடம் வந்தார். ஆனால் கயிற்றைக் கொடுக்கவில்லை. மருந்துக் கதையை அக்கா அவரிடம் முன்பே சொல்லியிருந்தாள்.

“மாத்திரை போட்டீங்களா?”

“ராத்திரி ஒண்ணுங்க.”

“டானிக்கு?”

“அதைத் தொடறதில்லீங்க.”

கொஞ்சம் பார்த்துவிட்டுக் கயிற்றைக் கொடுத்தார். வாங்க வந்தது அதே மருதாசலம். துண்டுக்குள் பேச்சு நடந்தது. விலை படிகிற நேரம் பார்த்து மச்சான் தும்மினார். சந்தையே திரும்பிப் பார்த்தது. மருதாசலம் கையை உருவப் போனார்.

“உருவாதீங்க” என்றார் காளியாத்தாள். “தும்மட்டும் உடுங்க. முழிச்சிருக்காருன்னு தெரியுதில்லீங்களா?”