ஜோர்ஜ் சம்மாட்டியின் வலக்கை நகங்கள்

ஜோர்ஜ் இப்போது சோற்றைக் கரண்டியால் சாப்பிடுகிறார். வலக்கையில் பெருவிரல் தொடங்கி மோதிரவிரல் வரை நகங்கள் வளர்ந்து நிற்கின்றன. மீன்குழம்பின் மஞ்சள் பட்டால் போகாது. சாப்பிட்டு எழும்பியதும் தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தில் ஒவ்வொரு நகமாகத் தேய்த்து வழவழப்பாக்குவார். இடக்கை நகங்களோ ஒட்ட வெட்டியவை. அவருடைய மனைவி அக்னஸ் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொல்லுவாள்: “எங்கட வீட்டில ஒரு வெள்ளைக்காரன் வந்து தங்கியிருக்கான். கரண்டி கேக்குறான், நகத்துக்கு எண்ணெய் கேக்குறான்.”

கண்டக்குழிக் கரையில் மூன்று மீன்பிடிப் போட்டுக்குச் சம்மாட்டி அவர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கரைவலைக் கயிறு இழுக்கப் போனவர். கல்வீடு, வலை, இஞ்சின் எல்லாம் இந்தக் கையால் வந்தவை என்று கேட்டவர்களுக்குச் சொல்லுவார், கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். போட் கரையேறும்போது முதலாளி என்று ஒதுங்கி நிற்கிற பழக்கம் அவரிடம் இல்லை. கயிற்றில் முதல் கை அவருடையது.

அப்படிப்பட்டவரை இந்த வயதில் கிற்றார் பக்கம் தள்ளிவிட்டவன் தவச்செல்வன். சண்டைக்காலத்தில் வடக்கிலிருந்து வந்த குடும்பம். ஐஸ் லொறி ஓட்டுகிறான். சொந்தமாக ஒரு துடுப்புக்கூடக் கிடையாது. போன வருசம் சிலாபத்தில் ஒரு கலியாண வீட்டில், பூப்போட்ட சட்டையோடு கதிரையில் ஏறி நின்று, சனம் எழும்பி ஆடுகிற பைலாவைக் கிற்றாரில் வாசித்தான். அக்னஸ் கை தட்டினாள். சும்மா தட்டவில்லை, தாளத்துக்குத் தட்டினாள், தலையும் ஆடியது. ஜோர்ஜின் போட்டுகள் முதன்முதலாகக் கடலில் இறங்கியபோதெல்லாம் அவள் சிலுவை அடையாளம் போட்டிருக்கிறாள், கை தட்டியதில்லை.

அடுத்த கிழமை ஜோர்ஜ் கிற்றார் வாங்கப் புத்தளம் போனார். கடைக்காரர் கம்பி கட்டியதா, நைலோன் கட்டியதா என்று கேட்டார். “நைலோனா? காலம் பூரா அதுலதான் மீன் பிடிக்கிறன். அதையே தாங்க,” என்று வாங்கி வந்தார். வீட்டில் அடித்துப் பார்த்தபோதுதான் விசயம் விளங்கியது. தவச்செல்வனுடையது கம்பி, ஊரைக் கூட்டும். இதன் சத்தம் குசினியில் சமைக்கிற அக்னஸுக்கே போய்ச் சேரவில்லை. பிழையாக வாங்கிவிட்டேன் என்று சொல்கிற வாயா அது?

ஆலங்குடாவில், உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியில் பின்னேரங்களில் கிற்றார் வாசிக்கும் நிலானியிடம் போனார். நைலோனை அடிக்கக் கூடாது, விரலால் கிள்ள வேண்டும், நகம் பட்டால்தான் சத்தம் தெளிந்து தூரம் போகும் என்றாள் அவள். நகம் வளர்ந்தது. கோயில் பாட்டுக்கு விரல்களை ஒவ்வொன்றாக விடுவது, வோல்ஸ் நடனத்துக்குப் பெருவிரல் ஒருதரம் மற்ற விரல்கள் இருதரம், பைலாவுக்குப் பெருவிரல் நிற்காமல் ஓடுவது என்று படித்தார். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இடக்கை விரல்நுனி புண்ணாகும் என்று அவள் பயம் காட்டியபோது சிரித்தார். கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரல்கள். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அவருடைய ஒரு விரல் இரண்டு தந்தியை மூடியது.

“அங்கிள், விரல நிமித்தி வைங்க.”

“இது வலை இழுத்த விரல், மகள். நீ தந்தியத் தள்ளித் தள்ளிக் கட்டு.”

ஒவ்வொரு பாடம் முடியவும் ஒரே கேள்வி: இது தவச்செல்வனுக்கு வருமா? வராது என்று அவள் சொன்னால்தான் கதிரையை விட்டு எழும்புவார்.

அக்னஸின் அறுபதாவது பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்குப் பைலா வாசிப்பதென்று தீர்மானித்தார். தவச்செல்வனை வீடு தேடிப் போய் அழைத்தார். முன்வரிசையில் அவனுக்கு ஒரு கதிரை. அவன் பார்த்துக்கொண்டிருக்க அக்னஸ் கை தட்ட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

சனிக்கிழமை காலை தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று மூசி எழும்பியது. கரைக்கு வந்துகொண்டிருந்த அவருடைய புதுப் போட்டின் இஞ்சின், அலை உடைகிற இடத்தில் நின்றுபோனது. போட் குறுக்கே திரும்பியது. உள்ளே இரண்டு பேர். கரைக்கு எறிந்த கயிற்றில் எல்லோரும் பாய்ந்தார்கள். ஜோர்ஜ் இடக்கையால் பிடித்தார். வலக்கை இடுப்பில் கட்டிய சாரத்தின் மடிப்புக்குள் இருந்தது. ஐஸ் இறக்க வந்த தவச்செல்வன் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து, அவருக்கு முன்னால் கயிற்றைப் பிடித்தான்.

“கைய உள்ளயே வைச்சிருங்கோ அண்ணை. நாளைக்குக் கச்சேரியெல்லோ. இதை நான் இழுக்கிறன்.”

அவருடைய போட்டை அவன் இழுக்கிறானாம். வலக்கை வெளியே வந்தது. அவனைத் தாண்டி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று இழுத்தார். போட் மணலில் ஏறியது. இரண்டு பேரும் நடந்து இறங்கினார்கள். கையை விரித்துப் பார்த்தபோது ஒரு நகமும் முழுதாக இல்லை. சுட்டுவிரலில் சதையோடு பிய்ந்திருந்தது.

மருந்து போடும்போது அக்னஸ் மெல்லக் கேட்டாள்: “நாளைக்கு விட்டிருவோமாப்பா?”

“ஏன், அவன வாசிக்கச் சொல்லப்போறியா?”

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறையச் சனம். தவச்செல்வன் முன்கதிரையில் கால் மேல் கால் போட்டிருந்தான். ஜோர்ஜ் வெறும் சதையால் வாசித்தார். சத்தம் பஞ்சுக்குள் போட்டதுபோல் அமுங்கியது. தொடங்கிவிட்டதா என்று தெரியாமல் பின்னால் இருந்தவர்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அக்னஸ் எழுந்தாள். தன் கதிரையைத் தரதரவென்று இழுத்து வந்து, தவச்செல்வனுக்கு நேர் முன்னால் போட்டு, முழங்கால் கிற்றாரில் முட்ட உட்கார்ந்தாள். குனிந்து, காதை அதன் பலகையில் வைத்துக் கண்ணை மூடினாள்.

ஜோர்ஜ் பெருவிரலை நிறுத்தவில்லை. அவளுடைய தலைக்கு மேலால் கழுத்தை நீட்டி, தவச்செல்வன் பார்க்கிறானா என்று பார்த்தார்.