எண்ணைச் சொன்னவரின் பெயர்

சுமித்ராவின் ஊரில் வீட்டுக்குள் டவர் கிடைக்காது. மலைமேல் பைல் நாடு என்ற பகுதியில் இருக்கும் அந்தச் சின்ன ஊருக்குக் கீழே, ரோடு வளைகிற இடத்தில் நிற்கும் பலா மரத்தடியில் மட்டும் எப்படியோ கிடைக்கும். அதனால் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் போனை ஒயர் கூடையில் போட்டு அந்த மரத்துக் கிளையில் மாட்டிவிட்டுப் போவார்கள். எந்தப் போன் அடித்தாலும், அந்த நேரத்தில் மரத்தடியில் இருப்பவர் எடுத்து, யார் என்ன என்று கேட்டு, உரியவரிடம் சேர்த்துவிட வேண்டும். அடிக்கிற போனைக் கேட்டும் கேட்காதது போலக் கடந்து போனவரை ஊர் லேசில் விடாது.

சுமித்ரா நாமக்கல் விடுதியில் தங்கி ஆங்கில வழியில் படித்தவள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு வீடியோக்களில் பேசுவதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுப்பது அவள் வேலை. வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் எழுதுவாள். மரத்தடிக்கு வந்து அனுப்புவாள். மற்ற நேரத்தில் அவள் போனும் கூடையில்தான் தொங்கும். கம்பெனி ரூபாயாகத் தராது, கிரிப்டோ காயினாகத்தான் போடும். அதை அவள் தொடாமல் சேர்த்து வந்தாள். சாமை தீட்ட ஊரில் ஒரு மெஷின் வைக்க வேண்டும், மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இன்னொரு ஊருக்கு நடக்கும் வேலை ஒழிய வேண்டும் என்பது அவள் எண்ணம். மெஷினுக்குச் சேலத்தில் சொல்லி வைத்தும் ஆயிற்று.

அன்று காலை மரத்தடியில் உட்கார்ந்து, காயின் இருக்கும் கணக்கைத் திறந்தாள். பாஸ்வேர்டு தவறு என்றது. மெயிலைப் பார்த்தாள். முந்தின நாள் மாலை யாரோ பாஸ்வேர்டை மாற்றியிருந்தார்கள். பாதுகாப்புக்காக இன்று சாயங்காலம் வரை காயின் வெளியே போகாது என்றும் அதில் இருந்தது. அதாவது, இன்னும் உள்ளேதான் இருக்கிறது. சாயங்காலத்துக்குள் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

போன வாரம், காயின் கணக்கை வைத்திருக்கும் எக்ஸ்சேஞ்ச் கம்பெனியிலிருந்து வந்தது போலவே ஒரு மெயில் வந்து, அதில் பழைய பாஸ்வேர்டை அடித்தது நினைவுக்கு வந்தது. ஆனால் அது மட்டும் போதாதே. போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணும் வேண்டுமே. போன் கூடையில்தானே இருந்தது?

எக்ஸ்சேஞ்சுக்குப் பேச போன் நம்பர் கிடையாது. சாட்டில் ஒரு இயந்திரம் வணக்கம் சொன்னது. கணக்கை முடக்குங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதினாள். புதுக் கணக்கு தொடங்குவது எப்படி என்று மூன்று வழி காட்டியது. திருடு போய்விட்டது என்று எழுதினாள். உங்கள் பொறுமைக்கு நன்றி என்றது. முகத்தை வீடியோவில் காட்டச் சொன்னது. காட்டும்போதே நெட் அறுந்தது. டவர் நன்றாகக் கிடைக்கும் சோளக்காடு என்ற ஊருக்கு பஸ் ஏறினாள். பலாப்பழக் கடைகளுக்குப் பின்னால் நின்று, ஆதார் அட்டையைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து, இடது பக்கம் பார், வலது பக்கம் பார், சிரி என்று போன் சொன்னபடியெல்லாம் செய்தாள். கடைக்காரர் தனபால் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, மாப்பிள்ளை ஊட்டுக்கு போட்டோ அனுப்புறீங்களா?"

சிரிப்பு மட்டும் சரியாக வரவில்லை என்று போன் திருப்பி அனுப்பியது. மறுபடி சிரித்தாள்.

மத்தியானத்துக்கு மேல் சாட்டில் இயந்திரத்துக்குப் பதில் ஒரு ஆள் வந்தான். ஆள்தானா என்பதும் நிச்சயமில்லை. போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணை யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டான். இல்லை என்றாள். எண் சரியாகப் போடப்பட்டிருக்கிறது, யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவருடைய பெயரையும் அவர் மேல் கொடுத்த போலீஸ் புகாரையும் அனுப்பினால் உடனே முடக்குவோம் என்றான். முதலில் முடக்குங்கள், பிறகு தேடித் தருகிறேன் என்றாள். அதே வரியை மறுபடி அனுப்பினான். கெஞ்சினாள். அதே வரி.

திரும்புகிற பஸ்ஸில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வந்தாள். மரத்தடியில் அத்தாயி சுள்ளிக் கட்டை இறக்கி வைத்துவிட்டு நின்றிருந்தாள். பக்கத்து வீடு, சுமித்ராவுக்கு அத்தை முறை.

"நேத்து என் போனை யாராச்சும் எடுத்தாங்களா, அத்தை?"

"நாந்தான் எடுத்தேன் கண்ணு. உனக்குச் சொல்லோணும்னு இருந்தேன், மாடு அவுத்துக்கிட்டு ஓடிருச்சு, மறந்தே போச்சு." அத்தாயி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு பொண்ணு. அத்தனை மரியாதையாப் பேசுச்சு. சுமித்ரா வேலை நின்னு போயிருமுங்க, போன்ல நம்பர் வந்திருக்கும், பாத்துச் சொல்லுங்கன்னுச்சு. பஸ் நம்பர் படிக்கிறவளுக்கு அது தெரியாதா? ஒவ்வொண்ணா நிறுத்திச் சொன்னேன்."

சுமித்ராவின் முகத்தைப் பார்த்து அத்தாயியின் குரல் இறங்கியது.

"தப்பாப் போச்சா சாமி?"

சுமித்ரா ரோட்டு விளிம்பு வரை போய்த் திரும்பி வந்தாள். மறுபடி போனாள். கோபம் நெஞ்சு வரை வந்து நின்றது. திட்ட ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அவளே எத்தனை பேருடைய போனை எடுத்திருக்கிறாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறாள். சைபர் குற்றப் புகார் எண்ணுக்குக் கூப்பிட்டு, அந்தப் பெண் பேசிய நம்பரைக் கொடுத்துப் புகார் பதிந்தாள். வந்த ரசீதை எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பினாள். இது பேசியவர் மேல் கொடுத்த புகார். எங்களுக்கு வேண்டியது எண்ணைச் சொன்னவர் பெயர் என்று பதில் வந்தது.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கட்டத்தில் 'அத்தாயி' என்று அடித்தாள். அழித்தாள். பெயர்தானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று மறுபடி அடித்தாள். ஸ்டேஷனிலிருந்து ஜீப் வந்து, சுள்ளிக் கட்டோடு நிற்கும் இவளிடம் பெயர் கேட்டால்? நாளைக்கு இந்த மரத்தடியில் யார் யாருடைய போனை எடுப்பார்கள்? மெஷினும் கண்முன் நின்றது. அது வந்தால் முதல் சாமை மூட்டை அத்தாயியுடையதாகத்தான் இருக்கும். அதை நினைக்க இன்னும் எரிச்சல் வந்தது.

எழுத்துகளை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதி அனுப்பினாள்.

நாள் முழுக்க வராத வேகத்தில் பதில் வந்தது. எண்ணை நீங்களே சொல்லியிருப்பதால் நிறுவனம் பொறுப்பாகாது, புகார் முடிக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? இருட்டுவதற்குள் காயின் போய்விட்டதாக இன்னொரு மெயில் வந்தது.

"என்ன சொல்றாங்க கண்ணு?"

"முடிஞ்சு போச்சுங்க அத்தை. மெஷின் இப்போதைக்கு இல்லீங்க."

அத்தாயி சுள்ளிக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "இனிமே உன் போன் அடிச்சா எடுக்கலை சாமி" என்றாள்.

"எடுங்க." குரல் அவள் நினைத்ததைவிட முரடாக வந்தது. "எடுங்க. நம்பர் கேட்டா மட்டும் சொல்லாதீங்க."

"ஆஸ்பத்திரி நர்சம்மா கேட்டா? முழுகாம இருக்கிற சின்னுசாமி பொண்டாட்டிக்கு மாசமாசம் போன்ல வர்ற நம்பரைக் கேட்டுத்தானே பதியிறாங்க?"

கூடையில் ஏதோ ஒரு போன் அடிக்கத் தொடங்கியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.