அவர் பதில் சொல்லாத பத்து நிமிடம்

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுச் சண்டை நாலு வீட்டுக்குக் கேட்கும். நான் ஒன்று சொன்னால் என் வீட்டுக்காரர் ஒன்பது சொல்வார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அவர் ரிட்டயர் ஆவதற்குள் எங்கே மனை வாங்குவது என்று தினமும் தகராறு. அவருக்கு நூம்பல். எனக்கு மேனாம்பேடு.

ஒரு ஞாயிறு காலை, "நூம்பல்ல மழை வந்தா படகுலதான் போகணும். மேனாம்பேடுதான், முடிஞ்சுபோச்சு" என்றேன். பதில் இல்லை. அவர் கையிலிருந்த காபி டம்ளர் கீழே விழுந்தது. கோபத்தில் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். வாய் ஒரு பக்கம் கோணியது. எனக்கு அழகு காட்டுகிறாராம்! தரையைத் துடைத்துவிட்டு, பக்கத்து வீட்டம்மாவிடம் போய் அவர் ஒத்துக்கொண்டார் என்று பெருமை அடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்தால் மனுஷன் பழையபடி பேசுகிறார். "யாரு ஒத்துக்கிட்டா? சொல்லத்தான் பார்த்தேன், வார்த்தை வரலடி. கையும் மரத்துப்போச்சு."

உடனே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை அவர் கழுத்தில் வைத்துக் கேட்டார். பிறகு ஸ்கேன். "மூளைக்கு ரத்தம் கொண்டுபோற கழுத்துக் குழாய்ல கொழுப்பு படிஞ்சு சுருங்கியிருக்கு. அதுலேர்ந்து ஒரு துணுக்கு மேல போய் அடைச்சிருக்கு. தானா கரைஞ்சதால பேச்சு வந்துடுச்சு. அடுத்த தடவை கரையலைன்னா பேச்சே போயிடலாம்" என்றார். ஆபரேஷன் செய்யலாம், அதிலும் ஆபத்து உண்டாம்.

நான் தம்பட்டம் அடித்த நேரத்தில் அவர் மூளை ரத்தமில்லாமல் தவித்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அதைவிட பயம்.

ஆபரேஷன் நாள் வரும்வரை வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தேன். மதியம் அசந்து தூங்குகிறவரை எழுப்பி, "ரசம் எப்படி இருந்தது?" என்பேன். "வாயில வைக்க முடியல, போடி" என்று கத்துவார். அப்பாடா என்று இருக்கும்.

ஆபரேஷன் முடிந்து கழுத்தில் கட்டோடு படுத்திருந்தார். கண் திறந்தார். பேசவில்லை. நர்ஸ் அவருடைய பெயர் என்னவென்று அவரிடமே கேட்டாள். வெறுமனே பார்த்தார். காதருகே குனிந்து, "ஏங்க, மேனாம்பேட்டுலயே வாங்கிடலாம்" என்றேன்.

உதடு அசைந்தது. "நூம்பல்."

அங்கேயே ஓவென்று அழுதேன்.

நூம்பலில்தான் வாங்கினோம். மழைக்காலத்தில் வாசலில் முழங்கால் தண்ணீர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடப்பேன். அதைப் பற்றி இதுவரை அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.