வெயிலைக் கூப்பிடாத பிள்ளைகள்

வட்டவளைப் பக்கத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் எனக்குக் கிடைத்தது தற்காலிக ஆசிரியை வேலை. பாலர் வகுப்புக்குப் புதுப் பாட்டு ஒன்றைச் சொல்லிக்கொடுத்து, பாடசாலையைச் சோதிக்க வரும் வித்தியாதரிசிக்குப் பாடிக்காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுனில் இருக்கும் அப்பா வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

டவுனில் வளர்ந்த எனக்கு அந்த மலையில் ஓயாமல் பெய்யும் மழை பிடிக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து பாடசாலை வாசல்வரை அதைத் திட்டிக்கொண்டே ஏறுவேன். அந்தக் கோபத்தில் நானே ஒரு பாட்டு எழுதினேன்.

மேகமே மேகமே மூட்டை கட்டு
மேற்கே போய்க் கடையைக் கட்டு
வெயிலே வெயிலே வந்துவிடு
வேண்டிய நாளெல்லாம் தங்கிவிடு

எனக்கு ஒரே பெருமை. ஆனால் மற்றப் பாட்டுகளுக்குத் தகரக் கூரை அதிரக் கத்தும் பிள்ளைகள், இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. மூன்று நாள் கெஞ்சினேன். நாலாம் நாள் கோடு போடும் அடிமட்டத்தால் மேசையில் ஓங்கி அடித்து, எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னேன்.

முன் வாங்குப் பலகையில் ஒரு சிறுமி. ஆறு வயது இருக்கும். அப்பாவின் பழைய கம்பளிச் சட்டை அவளுக்கு முழங்கால்வரை தொங்கியது. அவள்தான் பேசினாள்.

"வெயிலு தங்கிருச்சுன்னா கொழுந்து வராதுங்க டீச்சர். போன மாசியில அம்மாவுக்கு வேலையே குடுக்கலங்க. நாங்க வெயில கூப்புட மாட்டோங்க."

எனக்கு முகம் சுண்டிப்போனது. நாளுக்கு நாலு வேளை தேத்தண்ணீர் குடிக்கிறவள் நான். அது எந்த மழையில் துளிர்க்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அடிமட்டத்தை மேசைக்குள் போட்டுவிட்டு, அப்படியென்றால் எப்படிப் பாடலாம் என்று அவர்களிடமே கேட்டேன். ராத்திரி பெய்யட்டும் என்றான் ஒருவன். பறித்த கொழுந்தை எடைபோட்டு முடிந்த பிறகு பெய்யட்டும் என்றாள் அந்தச் சிறுமி. கூச்சலும் சண்டையுமாகப் பாட்டு மாறியது.

மழையே மழையே இரவில் வா
மலையெல்லாம் கொழுந்து தா
அம்மா கூடை இறக்குமட்டும்
அப்பால் கொஞ்சம் காத்திரு

வித்தியாதரிசி வந்த அன்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அவர் சப்பாத்தெல்லாம் சேறு, முகமெல்லாம் கடுகடுப்பு. அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் பாடச் சொல்லிக் கையைக் காட்டினேன். பிள்ளைகள் எழுந்தார்கள். எழுந்தவர்கள் ஒட்டுமொத்தமாக அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். வேலை போயிற்று என்றே முடிவுகட்டினேன்.

அவர்கள் பாடினார்கள். கூரையில் விழுந்த மழையையும் மீறிப் பாடினார்கள். ஏன் அந்தப் பக்கம் பார்த்துப் பாடுகிறாய் என்று அவர் அந்தச் சிறுமியிடம் கேட்டார்.

"எங்கம்மா அங்கதாங்க ஐயா நிக்கிறாங்க."

ஜன்னலுக்கு வெளியே எதிர்மலையில், தலையில் கூடைக் கயிறும் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்குமாகப் பெண்கள் நனைந்துகொண்டே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர் நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னலுக்கு வந்தார். இன்னொரு முறை பாடச் சொன்னார். முடியும்வரை உட்காரவே இல்லை.

வேலை நிரந்தரமான கடிதம் அடுத்த மாதம் வந்தது. அன்றும் மழைதான். திட்டாமல் மலை ஏறினேன். அந்தக் கடிதத்தை எனக்கு வாங்கித் தந்தவள் முன் வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. இப்போது சொல்கிறேன்.