நீங்கதான் இருக்கீங்களே

என் மனைவி பேசிச் சம்பளம் வாங்குகிறவள். அதனாலேயே வீட்டுக்கு வந்தால் பேசமாட்டாள். செருப்பைக் கழற்றிப்போட்டு, சமையலறை ஸ்டூலில் சுவரோடு சாய்ந்துவிடுவாள். "டீ போடட்டுமா?" என்றால் தலை மட்டும் லேசாக ஆடும். அது சரியா, வேண்டாமா என்று கண்டுபிடிக்கவே எனக்குச் சில வருடங்கள் ஆயின.

பெரிய ஆஸ்பத்திரியில் அவள் மரபணு ஆலோசகர். குடும்பத்தில் இருக்கும் நோய் பிள்ளைக்கும் வருமா, என்ன சோதனை செய்யலாம், வந்த முடிவுக்கு என்ன அர்த்தம் என்று எதிரே இருப்பவர்களுக்கு விளக்குகிற வேலை. நான் ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்குப் போகிற வீடுகளில், "உங்க வீட்டம்மா டாக்டரா?" என்று கேட்பார்கள். "இல்லைங்க, டாக்டர் சொன்னதை மனுஷங்களுக்குப் புரியுற மாதிரி சொல்றவ" என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். அவளிடம் சொன்னால் முறைப்பாள்.

அந்தத் துறையில் இருக்கிற ஆலோசகர்களில், எங்கள் மில் குடியிருப்பிலிருந்து போனவள் இவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் வசதியான, படித்த குடும்பத்துப் பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் சொந்தத்துக்குள் கல்யாணம் சகஜம். எங்களையே பாருங்கள், அவள் என் மாமன் மகள். மற்றவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் "நாங்க சொந்தங்க" என்று யாராவது சொன்னால் அவர்கள் புருவம் தானாக மேலே போய்விடும். அதைப் பார்த்துப் பயந்த ஒரு தம்பதி, தங்களுக்குள் சொந்தமே இல்லை என்று சாதித்துவிட்டார்கள். அதை நம்பி, செய்ய வேண்டிய சோதனையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டார்கள். இரண்டாவது குழந்தையும் அதே நோயோடு பிறந்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

அன்றிலிருந்து எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரையும் இவள் அறைக்கே அனுப்புகிறார்கள். மற்றவர்கள் சாயங்காலம் டீ குடிக்கப் போவார்களாம். இவள் வாசலில் கூட்டம் நிற்குமாம். தொண்டை கட்டி, கால் வீங்கி வந்து சேருவாள். யாரைப் போய்த் திட்ட?

இன்னொரு ஆளைப் போடுங்கள் என்று கேட்டுக் கேட்டு அவளுக்கே அலுத்துப்போன நேரத்தில், இந்த வருடம் பயிற்சிக்கு ஓர் இடம் வந்தது. எங்கள் குடியிருப்பிலிருந்து ஊசிக்காரி விண்ணப்பித்தாள். அதே ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற பெண். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் முடித்தவள். வலிக்காமல் குத்துவாள் என்பதால் நோயாளிகள் வைத்த பெயர் அது. தேர்வுக் குழுவில் என் மனைவிக்கும் ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். தேர்வன்று காலை அவள் வாயைத் திறந்து பேசினாள். "இவ மட்டும் வந்துட்டா, வாரத்துல ரெண்டு நாளாவது நான் மூச்சு விடுவேங்க." அவள் ஆசைப்பட்டுக் கேட்டதே அவ்வளவுதான்.

தேர்வில் துறைத் தலைவியே நோயாளி மாதிரி நடித்தாராம். சொந்தத்தில் கட்டிக்கொண்டவர், பிள்ளைக்குக் காது கேட்காது. ஊசிக்காரி நோயைப் பற்றி எடுத்தவுடன் பேசவில்லை. "ரெண்டு வீட்டுலயும் இப்போ யாரைக் குத்தம் சொல்றாங்கம்மா?" என்று கேட்டாளாம். எங்கள் வீடுகளில் பிள்ளைக்கு ஒன்று என்றால், அது உன் பக்கத்து ரத்தமா என் பக்கத்து ரத்தமா என்றுதான் முதலில் சண்டை வரும். அதை முடிக்காமல் வேறு எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. அப்புறம்தான் அவள், "ரெண்டு பேர்கிட்டேயும் ஆளுக்குப் பாதி இருந்திருக்கு. யார் மேலயும் தப்பு இல்லம்மா" என்று விளக்கினாளாம்.

குழுவுக்குப் பிடிக்கவில்லை. குடும்ப வம்புக்குள் மூக்கை நுழைக்கிறாள் என்றார்கள். சம்பளமில்லாத தொண்டு அனுபவம் இல்லை என்றார்கள். பகலெல்லாம் ஊசி குத்தி, சாயங்காலம் படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவைக் கவனிக்கிறவள் தொண்டுக்கு எங்கே போவாள்? கேட்டபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவளுக்காகத் தூக்கிய கை என் மனைவியுடையது மட்டும்தான்.

"எங்க ஆளுங்களைப் பாக்க இன்னொருத்தர் வேணும் மேடம்" என்று இவள் கடைசியாகவும் கேட்டிருக்கிறாள்.

தலைவி அன்பாகத்தான் சொன்னாராம். "அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

முடிவை ஆபீஸே சொல்லியிருக்கும். இல்லை, நானே சொல்கிறேன் என்று இவள் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். தலையெழுத்து! ஸ்டூலில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, போனை ஸ்பீக்கரில் போட்டாள். அறையில் எப்படிச் சொல்வாளோ அப்படியே, சுற்றி வளைக்காமல், இடம் கிடைக்கவில்லை என்றாள். அந்தப் பெண் ஏன் என்று கேட்டாள். இவள் தலைவி சொன்னது வரைக்கும் ஒன்றையும் மறைக்கவில்லை.

ஊசிக்காரி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அப்போ நீங்க போனாத்தான் எனக்கு இடமாக்கா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டுத் தூங்கும்மா" என்று என் மனைவி போனை வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

என்னால் பொறுக்க முடியவில்லை. "விட்டுத் தொலைச்சிட்டு வந்துடு. அந்தப் பொண்ணாவது உள்ள போகட்டும்" என்றேன்.

"நான் வந்துட்டா, அடுத்த வருஷம் அவளுக்குக் கை தூக்க அங்க யாருங்க இருக்கா?" என்றாள்.