அம்புக்குறி இருந்ததைக் கவனிக்கவில்லை

மாலை 4.20. என் மகளைப் பிரிந்து வாழும் மருமகன் பாராங் கத்தியோடு வந்து, தஞ்சோங் காராங்கில் உள்ள எங்கள் வீட்டுக் கதவை வெட்டத் தொடங்கினான்.

அவன் அடித்ததையும் கொல்வேன் என்று மிரட்டியதையும் மகள் ஒலிப்பதிவு செய்து கணினியில் வைத்திருந்தாள். அவளிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான். "அம்மா, டெஸ்க்டாப்ல இருக்கு, எடுத்துக்குங்க!" என்று கத்தியபடி அலமாரியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். திரையில் 'மிரட்டல்' என்று இருந்ததைப் பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக ஓடினோம்.

"எங்கடி ஓடுற? உன் நாக்க அறுக்குறேன்!" என்று நுழைந்தவன், கணினியைக் கொத்திப் போட்டான். அக்கம்பக்கத்தார்தான் அவனை மடக்கினார்கள்.

நிலையத்தில் போலீஸ்காரர் பென் டிரைவைத் திறந்து பார்த்தார். "அக்கா, இது ஷார்ட்கட் லா. ஃபைல் இருக்குற எடத்துக்கு வழி மட்டுந்தான் காட்டும். ஃபைல் உங்க கம்ப்யூட்டர்லதான் இருக்கு." ஐகானின் மூலையில் சிறிய அம்புக்குறி இருந்தது. "அதத்தான் அவன் கொத்திப் போட்டுட்டானே!" என்றாள் மகள்.

விரைவாகத் திறக்க ஷார்ட்கட்டை இன்றும் பயன்படுத்துகிறேன். ஆனால், நகலெடுக்க வேண்டுமென்றால் அது காட்டும் இடத்துக்கே போய் அசல் ஃபைலை எடுக்கிறேன். வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே நம்புகிறேன்.

சம்பவம் நடந்த மூன்றாம் நாள், உடைந்த கணினியை ரவாங்கில் உள்ள தன் கடைக்கு எடுத்துப்போயிருந்த பழுதுபார்ப்பவர் திரும்பி வந்தார்.

"உள்ள இருந்த டிஸ்க்ல வெட்டுப் படல, ஆன்ட்டி. எல்லாத்தையும் எடுத்துட்டேன். அந்தப் பதிவ நானே கேட்டுப் பாத்துட்டேன், தங்கச்சி மறுபடியும் கேக்க வேணாம்."