முக்காட்டுக்குள் உப்பு

"தாயி, குடைக்குள்ள கொஞ்சம் நின்னுக்கிடட்டுமா?"

உச்சி வெயிலில், பஸ் நிறுத்தத்தில் கேட்ட அந்தக் கிழட்டுக் குரல் என்னை நாற்பது வருடத்துக்கு முந்திய உப்பளத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே எங்களை வேலை வாங்கிய அதே கங்காணி.

என் அம்மா பிறவியிலேயே தோலும் முடியும் வெளுத்தவள். வெயில் பட்டாலே பொரிந்துவிடும். பழஞ்சேலையால் முக்காடு போட்டுத்தான் உப்பு சுமக்க வருவாள். குடைக்குள் நின்றுகொண்டு கங்காணி கத்துவார்.

"ஏளா, முக்காட்ட எடு! உள்ள உப்ப ஒளிச்சு வச்சிருப்ப."

எடுப்பாள். காதில் வந்த புண் ஆறவே இல்லை. "வெயில்ல வந்த புற்றுநோய். தலைய மூடிக்கிட வேண்டாமா?" என்று டாக்டரும் அவளைத்தான் திட்டினார். அடுத்த மழைக்கு அவள் இல்லை.

குடையை நகர்த்தாமல் சொன்னேன். "முதல்ல தலத்துண்ட எடுங்க அண்ணாச்சி. உள்ள உப்பு இருக்கான்னு பாக்கணும்."

என்னை உற்றுப் பார்த்தார். கை துண்டுக்குப் போனது. நான் காத்திருந்தேன்.